'ஃபார்மட் பண்ணிடலாம் சார்!'

கம்ப்யூட்டர் கடைகளில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது. பென்டிரைவ் திறக்கவில்லையா? ஃபார்மட். கேமரா கார்டு தெரியவில்லையா? ஃபார்மட். பூட்டு திறக்கவில்லை என்று சொன்னால், வீட்டையே இடித்துக் கட்டித் தருகிறேன் என்கிற மாதிரி.

போன மாதம் எனக்கே நேர்ந்தது. வேடந்தாங்கல் ஏரிக்கரையில் பதினோரு சீசன் நான் எடுத்த படங்கள், கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன் என்று எல்லாம் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் இருக்கின்றன. காலமாகிவிட்ட என் பெரியப்பாவின் குரலும் அதில்தான். பறவை எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் வயலுக்கு வேறு உரம் எதற்கு என்று நாற்பது நிமிஷம் பேசியிருக்கிறார்.

ஊருக்கு வந்த அக்கா பேரன் தன் விண்டோஸ் லேப்டாப்பில் படங்களைப் பார்த்துவிட்டு, டிஸ்க்கை வெடுக்கென்று உருவிக் கொடுத்தான். சாயங்காலம் என் லினக்ஸ் மின்ட்டில் செருகினால், மவுன்ட் செய்ய முடியவில்லை என்றது. கடைக்கு எடுத்துப் போனேன். "லினக்ஸா? அதான் சார் பிரச்சினை. ஃபார்மட் பண்ணி விண்டோஸும் போட்டுத் தர்றேன்" என்றார். கேபிளைக்கூட மாற்றிப் பார்க்கவில்லை. டிஸ்க்கை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

லினக்ஸ் ஏன் திறக்க மறுத்தது? விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் எழுதப்பட்ட டிஸ்க்கில், வேலை முடிவதற்குள் உருவினால், 'கணக்கு முடியவில்லை' என்று ஓர் அடையாளம் அப்படியே நின்றுவிடும். 2021-இல் வந்த 5.15 கெர்னலில் சேர்ந்த புதிய டிரைவர், அந்த அடையாளத்தைக் கண்டால் எழுதும் வசதியோடு திறக்காது. முடிக்காத பேரேட்டின் மேல் புதுக் கணக்கு எழுத மாட்டேன் என்று சொல்லும் நல்ல கணக்குப்பிள்ளை அது. அந்த நேர்மைக்குத்தான் 'கோளாறு' என்று பட்டம் கட்டுகிறோம்.

நான் செய்தது இவ்வளவுதான். டெர்மினலில் எல்எஸ்பிஎல்கே (lsblk, ஒவ்வொரு எழுத்தாகச் சிறிய எழுத்தில் அடிக்க வேண்டும்) என்ற கட்டளை கொடுத்தேன். டிஸ்க் பட்டியலில் இருந்தது. ஆக, உயிர் இருக்கிறது. டிஎம்இஎஸ்ஜி என்ற கட்டளை, மறுத்த காரணத்தை ஒரே வரியில் சொன்னது. உடனே 'வாசிக்க மட்டும்' என்ற முறையில், அதாவது மவுன்ட் கட்டளையோடு ஆர்ஓ என்ற குறிப்பைச் சேர்த்துத் திறந்தேன். திறந்தது! எல்லாவற்றையும் வேறு டிஸ்க்கில் நகல் எடுத்தேன். அதன் பிறகே பேரனின் விண்டோஸில் செக்டிஸ்க் ஓட்டி, முறைப்படி 'எஜெக்ட்' கொடுத்து எடுத்து வந்தேன். இப்போது ஒழுங்காகத் திறக்கிறது. செலவு ஒன்றுமில்லை.

பட்டியலிலேயே டிஸ்க் வராவிட்டால் கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். டிஸ்க் 'டக் டக்' என்று சத்தம் போட்டால் மட்டும் கழற்றி வைத்துவிட்டு, தரவு மீட்பு தெரிந்தவரைத் தேடுங்கள்.

இந்தப் பழி புதிதல்ல. 2011 முதல் நம் அரசு பிள்ளைகளுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. 32 ஜிபிக்கு மேற்பட்ட கேமரா கார்டுகள் எக்ஸ்ஃபேட் முறையில் வருபவை. அந்த முறையின் விவரக்குறிப்பை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டதே 2019-இல்தான். அதுவரை லினக்ஸில் அதற்கென்று தனி மென்பொருள் போட்டால்தான் கார்டு திறக்கும். அதைச் சொல்லித்தர ஆளில்லாமல், 'பாஸ் சரியில்லை' என்று அழித்த பிள்ளைகளை எங்கள் தெருவிலேயே பார்த்தேன். பூட்டியவர் சாவியைத் தரவில்லை. பழி மட்டும் கதவுக்கு.

லினக்ஸ் பக்கத்து வாலிபர்களையும் நான் விடப்போவதில்லை. 'ஃபோர்ஸ் போடுங்க அங்கிள், திறந்துடும்' என்கிறார்கள். திறக்கும்தான். உள்ளே பழுதிருந்தால் அதன் மேலேயே எழுதும். முதலில் நகல், பிறகு வைத்தியம்.

ஏற்கெனவே யாராவது ஃபார்மட் செய்துவிட்டார்களா? அதில் புதிதாக எதையும் எழுதாதீர்கள். அவசர ஃபார்மட் பெரும்பாலும் அட்டவணையைத்தான் அழிக்கும். படங்கள் அடியில் கிடக்கும். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் பலவற்றைத் தோண்டி எடுத்துவிடும்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். பெரியப்பா குரலுக்கு ஒரே ஒரு பிரதி வைத்திருந்தேனே, அது யார் குற்றம்? கடைக்காரருடையதா? இப்போது மூன்று பிரதி இருக்கிறது. ஒன்று அக்கா வீட்டில்.

எங்கள் ஏரியில் துரைமார் பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் 'சரி, துரை சொன்னால் சரி' என்று சும்மா இருக்கவில்லை. முறையிட்டார்கள். 1798-இல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்கள் உரிமையை ஏற்று உத்தரவு கொடுத்தார். பறவைக்காக அவர்கள் கலெக்டர் முன்னால் நின்றார்கள். அந்தப் பறவையின் படத்துக்காக, ஒரு கடைக்காரரிடம் 'ஃபார்மட் வேண்டாம்ப்பா, கொடு' என்று சொல்ல நமக்கு என்ன தயக்கம்?