மானியம் பல்கலைக்கழகத்துக்கு, பலன் யாருக்கு?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு ஒன்றேனும் இல்லை. சுண்ணாம்புக்கற் படுக்கையில் தேங்கும் மழைநீரே கிணறுகள் மூலம் மக்களின் குடிநீராகவும் தோட்டங்களின் பாசன நீராகவும் பயன்பட்டு வருகின்றது. உரப் பாவனையினாலும் மலசலகூடக் குழிகளினாலும் அந்நீரில் நைத்திரேற்று கூடியுள்ளமை பற்றிப் பல தசாப்தங்களாக ஆய்வுகள் செய்யப்பட்டுள்ளன. ஆனால், ஆய்வுக்காகத் தமது கிணற்றிலிருந்து நீர் எடுத்துக் கொடுத்த குடும்பத்தினருக்கு அதன் முடிவு அறிவிக்கப்பட்டதா என்று கேட்டால், பெரும்பாலும் மௌனமே விடையாகக் கிடைக்கும்.

இதன் விளைவு எவ்வாறிருக்கும் என்பதைச் சுன்னாகம் உணர்த்தியது. 2014, 2015 ஆம் ஆண்டுகளில் அப்பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் பெரிதாக வெடித்தபோது, நீரைக் குடிக்கலாமா கூடாதா என்ற எளிய கேள்விக்கு வெவ்வேறு தரப்பினர் முரண்பட்ட பதில்களையே கூறினர். மக்கள் வீதியில் இறங்கினர். இறுதியில் 2019 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனம் ஒன்றை 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு பணித்தது. நீதி கிடைத்தது என்பது உண்மையே. ஆயினும், அறிவு இருந்தும் அது மக்களின் நம்பிக்கைக்குரியதாக உரிய வேளையில் வந்து சேரவில்லை என்பதே இதிலுள்ள பாடமாகும்.

பல்கலைக்கழகங்களுக்கு நிதி கிடைக்கவில்லை என்று முற்றாகக் கூறிவிட முடியாது. உலக வங்கியின் உதவியுடன் 2010 ஆம் ஆண்டு தொடங்கிய உயர்கல்வித் திட்டத்துக்கு 4 கோடி அமெரிக்க டொலரும், 2017 ஆம் ஆண்டு அங்கீகரிக்கப்பட்ட அடுத்த திட்டத்துக்கு 10 கோடி டொலரும் ஒதுக்கப்பட்டன. இவற்றின் கீழ் ஆய்வு மானியங்கள் வழங்கப்பட்டதோடு, பல்கலைக்கழகங்களை வணிகத் துறையுடன் இணைக்கும் அலகுகளும் ஊக்குவிக்கப்பட்டன. அது வரவேற்கத்தக்கதே. ஆனால், ஒரு கமக்காரர் அமைப்போ, கடற்றொழிலாளர் சங்கமோ, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமோ தனது பிரச்சினையுடன் எந்த வாயிலைத் தட்டுவது? நிறுவனங்களுக்குத் திறக்கப்பட்டது போன்ற கதவு கிராமத்துக்கும் திறக்கப்பட வேண்டாமா?

பிற நாடுகளின் அனுபவம் இவ்விடத்தில் கவனத்துக்குரியது. அமெரிக்காவில் 1992 ஆம் ஆண்டின் சட்டமொன்றுக்கு அமைய, வீடமைப்பு மற்றும் நகர அபிவிருத்தித் திணைக்களம் 1994 முதல் பல்கலைக்கழகங்களுக்கும் அவற்றின் அயலிலுள்ள வறிய குடியிருப்புகளுக்கும் இடையிலான கூட்டு முயற்சிகளுக்கு மானியம் வழங்கியது. ஒரு பல்கலைக்கழகத்துக்கு மூன்றாண்டு காலத்துக்கு 4 இலட்சம் டொலர் வரை கிடைத்தது. ஆய்வுக்கு மொத்தச் செலவில் கால் பங்குக்கு மேல் பயன்படுத்தலாகாது, குடியிருப்பாளர்களையும் கொண்ட ஆலோசனைக் குழு இருக்க வேண்டும், பல்கலைக்கழகமும் தன் பங்காக நிதியிட வேண்டும் என்பன அதன் நிபந்தனைகளாகும். பணம் அறிக்கைகளில் முடங்காது களத்துக்குச் செல்வதை இந்நிபந்தனைகள் ஓரளவு உறுதிப்படுத்தின. கனடா 1999 இல் தொடங்கிய திட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்று, ஐந்தாண்டு காலம் வரை நிதி வழங்கிச் சமூக அமைப்புகளைச் சம பங்காளிகளாக ஏற்றது.

எனினும், அமெரிக்கத் திட்டம் 2005 ஆம் ஆண்டுடன் நிதியின்றி நின்று போனது. மூன்றாண்டு மானியத்தை மட்டுமே நம்பியிருந்த முயற்சிகள் அதனால் தடுமாற, தமக்கெனச் சொந்த நிதி ஏற்பாட்டைக் கொண்டிருந்தவை நிலைத்தன. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் 1992 இல் அமைக்கப்பட்ட சமூகப் பங்காளித்துவ நிலையம் இன்றும் இயங்குவதற்கு, அப்பல்கலைக்கழகம் அதைத் தனது அன்றாடக் கற்பித்தலின் ஒரு பகுதியாக்கியமையே முக்கிய காரணம் எனலாம்.

நமது நாட்டிலும் இவ்வாறான ஓர் ஏற்பாட்டுக்கு அத்திவாரம் உள்ளது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் போரினால் சிதைந்த கிளிநொச்சியிலேயே, அறிவியல் நகரில் இயங்குகின்றன. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கிழக்கிலும் இரு பல்கலைக்கழகங்கள் உள்ளன. குளங்களும் வயல்களும் கடலும் இவற்றின் வாயிலிலேயே இருக்கின்றன.

இந்நிலையில், எதிர்காலத்தில் வழங்கப்படும் எந்தவோர் ஆய்வு மானியத்திலும் ஒரு பகுதி சமூகப் பங்காளித்துவத்துக்கென ஒதுக்கப்பட வேண்டும். அதற்கான விண்ணப்பத்தில் பேராசிரியரின் கையொப்பத்துடன் கிராமிய அமைப்பின் கையொப்பமும் இருக்க வேண்டும். ஆய்வின் முடிவு, ஆங்கிலச் சஞ்சிகையில் வெளிவருவதற்கு முன்னரோ அதனுடன் சேர்த்தோ, அவ்வூர் மக்களின் மொழியில் அவர்கள் முன்னிலையில் வைக்கப்பட வேண்டும். கிராமத்தில் செலவிடும் உழைப்பு விரிவுரையாளரின் பதவி உயர்வில் கணக்கிலெடுக்கப்படுதலும் அவசியமாகும். இல்லையேல் ஆர்வமுள்ள இளம் விரிவுரையாளரும் நாளடைவில் ஒதுங்கிக் கொள்வார்.

கிராமிய அமைப்புகளுக்குக் கணக்கு வழக்கை முறையாகப் பேணும் ஆற்றல் இல்லை என்று சிலர் ஆட்சேபிக்கலாம். சிறு கடன் சங்கங்களையும் கூட்டுறவுச் சங்கங்களையும் நெடுங்காலம் நடத்திய மக்களைப் பற்றிய இந்த ஐயம் முழுமையாக நியாயமானதன்று. குறைபாடு இருப்பின், அதைக் கற்பிப்பதும் பல்கலைக்கழகத்தின் பணியேயாகும். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் அரசிடம் நிதி இல்லை என்ற வாதத்தையும் புறக்கணிக்க முடியாது. ஆனால், இங்கு கோரப்படுவது புதிய பெருந்தொகை அன்று. கிடைக்கும் தொகையின் நியாயமான பங்கீடே ஆகும்.

இலவசக் கல்வியின் செலவைச் சுமப்பவர்கள் வரி செலுத்தும் சாதாரண மக்களே. கிணற்று நீரைக் கொடுத்தவருக்கு அதன் முடிவைத் திருப்பிக் கொடுப்பது தயவு அன்று, கடமையாகும். இதனைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் பல்கலைக்கழக நிர்வாகங்களும் அடுத்த மானியம் வந்து சேர்வதற்கு முன்னரே சிந்திக்க வேண்டும்.