கொலம்போவும் ஒரு திசைச்சொல்லே

வகுப்பில் திசைச்சொல் நடத்திக்கொண்டிருந்தபோது மாணவரொருவர் எழுந்தார். "ஐயா, கரீபியத் தீவுகளில் குழம்பைக் 'கொலம்போ' என்கிறார்களாமே, அது நம் சொல்லின் சிதைவுதானே?" வகுப்பு சிரித்தது, நாமும் சிரித்தோம். எலவனாசூர்கோட்டைக்குத் திரும்பும் பேருந்தில்தான் அச்சிரிப்பு உறுத்தத் தொடங்கியது.

1848-இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடியவர்கள் புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் வந்தனர். 'ஒரேலி' என்னும் கப்பல் 1853-இல் மார்த்தினிக்கையும், 1854 டிசம்பரில் குவாதலூப்பையும் சென்றடைந்தது. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளுக்குள் குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 பேர் போயினர். பஞ்சத்துக்கும் கடனுக்கும் அஞ்சி அத்துறைமுகங்களை நாடியவர்களில் நம் தென்னார்க்காட்டு மக்களும் உண்டு. நம்மூரிலிருந்து புதுச்சேரி இரண்டு மூன்று நாள் நடைத்தொலைவுதான்.

போனவர்களின் பேரப்பிள்ளைகள் தமிழை இழந்தனர், கிரியோல் பேசினர். ஆயினும் மாரியம்மனை 'மாலியெமென்' என்றழைத்துக் கிடா வெட்டுகின்றனர். பொருள் மறந்துபோன தமிழ்ப் பாடல்களைப் பாடுகின்றனர். வாழையிலையில் கொலம்போ பரிமாறுகின்றனர். மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம் சேர்ந்த பொடி அது. சிலர் வறுத்த அரிசியும் சேர்ப்பதுண்டு. அச்சொல் குழம்பிலிருந்து வந்தது என்பாரும், கொழும்பு நகரின் பெயர் என்பாரும் உளர். முதற்கருத்தே நமக்கு உவப்பானது.

இதைச் சிதைவு என்போமாயின் நம் அடுப்பையும் சற்றுப் பார்க்க வேண்டும். மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டம் தந்தவை. புளியின் பிறப்பிடம் ஆப்பிரிக்கா. தூய குழம்பு என்று நாம் மார்தட்டுவதும் ஒருவகைக் கிரியோல்தான்! லூசியானாவின் 'கம்போ'வும் அத்தகையதே. பெயர் ஆப்பிரிக்க மொழியில் வெண்டைக்காயைக் குறிப்பது. வறுத்த மாவு பிரெஞ்சுக்காரர் முறை. கெட்டிப்படுத்தும் இலைப்பொடி பூர்வகுடிகளுடையது. 1755 முதல் ஆங்கிலேயரால் அக்காடியாவிலிருந்து துரத்தப்பட்டு, பின்னர் அங்கே சேர்ந்த கேஜன் மக்களும் அதைத் தமதாக்கிக்கொண்டனர். ஊரிழந்தவன் முதலில் மீட்டெடுப்பது உணவைத்தான் போலும்.

உலகெங்கும் தமிழர் பரவினர் என்று மேடைதோறும் முழங்குகிறோம். சோழர் கடற்படையைச் சொல்கிறோம். கூலிக் கப்பலைச் சொல்வதில்லை. குவாதலூப்பில் பிறந்த இந்திய வம்சாவளியினரின் குடியுரிமைக்காக, 1904 தொடங்கி 1923 வரை வழக்காடிய ஹென்றி சிதம்பரம் என்ற பெயரை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்? நாமே முன்னர் சொல்லித் தந்ததில்லை. குற்றம் நம்முடையது.

நம் ஊர்க் கோயிற் சுவர்களில் கொடை தந்தோர் பெயர்கள் கல்லில் நிற்கின்றன. கப்பலேறியவர்களுக்கு எந்தச் சுவரும் இல்லை. அவர்தம் கல்வெட்டு ஒரு சட்டிக் குழம்பில் இருக்கிறது. அதைப் படிக்கத் தமிழ்த்துறைகள் முன்வர வேண்டும். கடல் கடந்து போன முன்னோரைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவரச் சொல்வதே முதற்பயிற்சியாகட்டும்.

செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த நாடுகளின் சொற்களைத் தொல்காப்பியர் இகழவில்லை. செய்யுட்குரிய சொற்களுள் ஒருவகையாக ஏற்றுப் பெயரிட்டார். அவர் அறியாத திசையிலிருந்து வந்திருக்கிறது இச்சொல். அடுத்த வகுப்பில் கரும்பலகையில் திசைச்சொல் என்பதன்கீழ் அதை எழுதுவோம். சிரித்ததற்கு மாணவரிடம் வருத்தமும் தெரிவிப்போம்.