பனமலைக் கல்வெட்டில் ஒரு வம்சாவளி

ஏழாம் வகுப்பு வரலாற்றுப் பாடம் சான்றுகளில்தான் தொடங்குகிறது. கல்வெட்டு, செப்பேடு, நாணயம், பயணக் குறிப்பு என்று பிள்ளைகள் தடங்கலின்றி ஒப்பிக்கிறார்கள். ஒரு சான்றை எதுவரை நம்பலாம் என்று கேட்கத்தான் நாம் பழக்குவதில்லை.

செஞ்சி வட்டாரப் பிள்ளைகள் அதைப் பனமலையிலேயே பழகலாம். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவன் ராஜசிம்மன் குன்றின்மேல் எழுப்பிய தாளகிரீஸ்வரர் கோயிலில் அவனுடைய வடமொழிக் கல்வெட்டு இருக்கிறது. பல்லவர் குலம் அசுவத்தாமன் வழிவந்தது என்கிறது அது. பாரதக் கதையில் வரும் துரோணரின் மகன்! கல்லில் வெட்டியதெல்லாம் உண்மை என்று நம்பிவந்த பிள்ளை இங்கே திகைக்கும். திகைக்கட்டும், வரலாற்றுப் படிப்பு அங்கேதான் தொடங்குகிறது. அரசனின் மூதாதை யார் என்பதற்கு அந்த வரி சான்றாகாது. தன்னை யார் வழித்தோன்றலாக ஊரார் எண்ணவேண்டும் என்று அவன் விரும்பினான் என்பதற்கோ, அதைவிட நேரான சான்று கிடைக்காது. கேள்வி மாறினால் சான்றின் மதிப்பும் மாறுகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இது புரியாது என்பவர்கள் பிள்ளைகளோடு பேசிப் பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன்.

அதே கோயிலின் துணைச் சன்னதியில், குடையின்கீழ் ஒரு காலை மடித்து நிற்கும் பார்வதி ஓவியத்தின் எச்சம் இருக்கிறது. அதன் பாணியைக் காஞ்சி கைலாசநாதர் கோயில் ஓவியங்களோடு ஒப்பிட்டே காலத்தைப் பேசுகிறோம். ஒரு சான்றுக்கு இன்னொன்று துணை நிற்கவேண்டும் என்பதைக் கண்ணாலேயே காட்டிவிடலாம்.

அடுத்து, செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜன் கதை. 1714இல் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி மாண்ட தேசிங்கை, கதைப்பாடல் ஒப்பற்ற வீரனாக்குகிறது. நவாபின் பெருமைக்காகப் பாரசீகத்தில் எழுதப்பட்ட சயீத் நாமா மறுதரப்பின் குரல். கதைப்பாடலைக் கட்டுக்கதை என்று தள்ளுவது சோம்பல். தேசிங்குக்காகத் திருமணத்தையே விட்டு ஓடிவரும் இசுலாமியத் தோழனை மக்கள் பாடிக்கொண்டே இருந்தார்கள். போர்க்களத்து விவரத்துக்கு இல்லாவிட்டாலும், இந்த மண் எந்த உறவைப் போற்றியது என்பதற்கு அது சான்று.

2025இல் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்துவிட்டது. இனி வழிகாட்டிகளும் பலகைகளும் பெருகும். பிள்ளைகள் அவற்றையும் கேள்வி கேட்கவேண்டும். எனவே ‘சான்றுகளைப் பட்டியலிடுக’ என்ற தேர்வு வினாவை நீக்குங்கள். கல்வெட்டின் நான்கு வரிகளைத் தமிழில் தந்து, இதை வெட்டச் செய்தவர் யார், யார் பார்ப்பதற்காக, இதைக்கொண்டு எதை நிறுவலாம், எதை நிறுவ முடியாது என்று கேளுங்கள். அதற்கு முன், செஞ்சிப் பள்ளிகள் பிள்ளைகளை ஒருமுறையாவது பனமலைக்கு அழைத்து வரட்டும்.