துருவை வெல்வதும் அறிவியலே

மரக்காணம் உப்பளங்களில் உப்பு வாரும் பலகை மரத்தால் ஆனது ஏன் என்று யோசித்ததுண்டா? உப்புநீர் பட்டால் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். ஆனால் இன்றைய போர்க்கப்பலை மரத்தால் கட்ட முடியாதே!

சுதந்திர இந்தியாவில் கட்டப்பட்ட முதல் ஃபிரிகேட் வகைப் போர்க்கப்பல் 'நீலகிரி'. பிரிட்டனின் லியாண்டர் வடிவமைப்பைக் கொண்டு, பம்பாயின் மசகான் கப்பல் தளத்தில் 1966-இல் பணி தொடங்கியது. 1972-இல் கடற்படையில் சேர்ந்த அக்கப்பல் 1996 வரை உழைத்தது.

எஃகுக் கப்பல் இத்தனை ஆண்டுகள் உப்புநீரைத் தாங்குவது எப்படி? வண்ணப்பூச்சு ஒரு காவல். கப்பல்களின் அடிப்பகுதியில் துத்தநாகக் கட்டிகளையும் பொருத்துவதுண்டு. துத்தநாகம் இரும்பைவிட எளிதில் எலெக்ட்ரான்களை இழக்கும். ஆகவே அது கரையும், எஃகு தப்பும்.

கப்பலைக் கடலில் இறக்கும் நாளில் மாலையும் கைதட்டலும் உண்டு. பிறகு துருவைச் சுரண்டிப் பூச்சு அடிப்பவரை யார் நினைக்கிறார்கள்? கட்டுவது பாதி அறிவியல். காப்பது மறுபாதி என்பேன் நான்.

2025-இல் அதே தளத்தில் உருவான புதிய 'நீலகிரி' படையில் சேர்ந்தது. அதற்கும் உப்பே அன்றாடப் பகை.

இரண்டு ஆணிகளைத் தனித்தனிக் குவளைகளில் உப்புநீரில் இடுங்கள். ஒன்றில் மட்டும் துத்தநாகத் தகட்டை இறுகச் சுற்றுங்கள். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். நான் சொன்னது சரிதானா?