கம்பெனியின் தயவும் மலையின் உரிமையும்

குற்றாலத்துச் சாரலில் நனைய ஆண்டுதோறும் ஆயிரமாயிரம் ஜனங்கள் வருகிறார்கள். அருவியைக் கண்டு மகிழ்கிறார்கள். அதைப் பெற்றெடுக்கும் காட்டை நினைப்பவர் சிலரே. தென்மேற்குப் பருவ மழையை வேரிலும் சருகிலும் தேக்கிவைத்துச் சிறுகச் சிறுகச் சிற்றாற்றில் விடுவது அக்காடுதான். காடு அழிந்தால், அருவி மழை நாளில் வெள்ளமாகும். மற்ற நாளில் வெறும் பாறையாகும்.

தாங்கள் தொழில் நடத்துமிடத்தில் செடி கொடிகளையும் ஜீவராசிகளையும் பாதுகாப்பதாகக் கம்பெனிகள் பல இன்று சொல்லுகின்றன. நல்ல வார்த்தைதான். ஆனால் அதை எவ்வளவு தூரம் நம்பலாம்? நம் அண்டையிலேயே பாடம் இருக்கிறது.

சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 8,373 ஏக்கர் மலைநிலத்தைப் பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனி 1929-ல் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்ற தோட்டங்கள் அங்கே எழுந்தன. மழைக்காட்டின் ஒரு பகுதி தேயிலைக்கு இரையாயிற்று. எஞ்சிய காட்டில் சிங்கவால் குரங்கு வாழ்கிறது. காக்காச்சிக் காட்டு மரங்கள் பூத்துக் காய்க்கும் முறையை விஞ்ஞானிகள் ஆராய்ந்தனர். ஊத்துத் தோட்டத்தில் இரசாயன உரமின்றித் தேயிலை விளைந்தது. இந்த நன்மைகளை மறைப்பது நியாயமன்று.

ஆயினும், காட்டுக்கு நிரந்தரக் காவல் தந்தது கம்பெனியின் தயவா? அல்ல. 1988-ல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் ஏற்பட்டதும், 2018-ல் அந்நிலம் காப்புக் காடாக அறிவிக்கப்பட்டதுமே காவலாயின. குத்தகை 2028-ல் முடியவிருக்க, கம்பெனி 2024-லேயே தொழிலாளரை விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்பத் தொடங்கியது. இலாபமுள்ள வரையில் கம்பெனி இருக்கும்; மலை அதற்குப் பின்னும் இருக்க வேண்டும்.

தலைமுறைகளாக அம்மலையில் உழைத்தவர் கதி என்ன? 1999 ஜூலை 23-ந் தேதி, அவர்களுக்கு நியாயம் கேட்டுத் திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தில், போலீஸ் தடியடியைத் தொடர்ந்து தாமிரபரணிக் கரையில் 17 பேர் மாண்டதை நாடு மறக்கலாகாது. தோட்டத்தைச் சர்க்கார் ஏற்று நடத்தவேண்டுமென்ற கோரிக்கையை ஐகோர்ட் 2024 டிசம்பரில் நிராகரித்தது. தேயிலை நின்ற இடத்தில் காடு திரும்ப வேண்டுமென்பது சரியே. அந்த வேலையை, மலையை அறிந்த அத்தொழிலாளருக்கே கொடுத்தாலென்ன? காட்டைக் காப்பதற்காக ஏழையை விரட்டுவது தர்மமாகாது.

குற்றாலத்துக்கும் இதே நீதிதான். இயற்கை ஓடையைத் திருப்பிச் செயற்கை அருவி செய்த தனியார் விடுதிகள்மீது நடவடிக்கை எடுக்கும்படி ஐகோர்ட்டின் மதுரைக் கிளை 2022-ல் உத்தரவிட்டது. கோர்ட் தலையிடும் வரையில் ஊரார் சும்மா இருந்ததேன்? 2002-ம் வருஷத்து உயிரியப் பன்முகத்தன்மைச் சட்டம், ஒவ்வொரு உள்ளாட்சியும் இதற்கென ஒரு குழு அமைக்கவேண்டுமென்று விதிக்கிறது. அக்குழு காகிதத்தில் உறங்கக் கூடாது. மலையடிவாரத்தில் தொழில் நடத்தும் ஒவ்வொரு கம்பெனியும், எடுத்த நீருக்கும் வெட்டிய மரத்துக்கும் அக்குழுவின்முன் ஆண்டுதோறும் கணக்குக் காட்டட்டும்.

தயவு இன்று இருக்கும், நாளை போகும். உரிமை அப்படியன்று. தென்காசி ஜில்லாவின் தேசத் தொண்டர்கள் அந்தக் கணக்கை இன்றே கேட்கத் தொடங்குவார்களாக!