கல்லறை இல்லாத நவம்பர்

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊர்களில் குடும்பம் குடும்பமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், பூ வைத்து மெழுகுவத்தி ஏற்றுவார்கள். ஆனால் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஊர்களில் பல பெண்களுக்கு மெழுகுவத்தி ஏற்ற ஓர் இடமே இல்லை.

2017 நவம்பர் 30-ல் வீசிய ஒக்கி புயல் ஞாபகம் இருக்கிறதா தோழிகளே? இவர்கள் வீட்டு ஆண்கள் ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன் பிடிப்பவர்கள். முன்பே கிளம்பிப் போனவர்களுக்குப் புயல் எச்சரிக்கை எட்டவில்லை. 'தேடிக் கொடுங்கள்' என்று கேட்டு, டிசம்பர் 7-ல் குழித்துறை ரயில் நிலையத் தண்டவாளத்தில் ஊரே உட்கார்ந்தது. பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை.

சின்ன ஊரில் ஒரு படகில் போகிறவர்கள் அண்ணன், தம்பி, மச்சான் என்று உறவுக்காரர்களாகவே இருப்பார்கள். அதனால், ஆறுதல் சொல்ல ஓடி வர வேண்டிய பக்கத்து வீட்டு அக்காவும் அழுதுகொண்டிருப்பாள்.

காணாமல் போனவர் இறந்துவிட்டதாகச் சட்டம் கருத, பொதுவாக ஏழு ஆண்டுகள் ஆகவேண்டும். அதுவரை காத்திருக்க வைக்காமல், தமிழக அரசு 20 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தது. நல்ல விஷயம்தான். ஆனால் அதை வாங்க, 'அவர் இனி வரமாட்டார்' என்று வீடு ஒப்புக்கொள்ள வேண்டுமே!

கைக்குழந்தையோடு நிற்கும் இளம் மனைவிக்கு அந்தக் கையெழுத்து நாளைய சோறு. பெற்றவளுக்கோ, மகனுக்காகத் திறந்து வைத்த கதவைத் தானே சாத்துவது போல. ஒரே கூரையின் கீழ் இரண்டு துக்கம். இரண்டுமே நியாயம்.

இப்படியொரு சமயத்தில் ஊர் வாய் எப்படிப் பேசும் என்று நமக்குத் தெரியாதா? "பணம்னதும் கையெழுத்துப் போட்டுட்டா" என்று மருமகளைச் சொல்லும். "இன்னும் வருவான்னு பிடிவாதம் பிடிக்கிறா" என்று மாமியாரைச் சொல்லும். பேசுவதும் பெரும்பாலும் நாம்தான்.

நம் தெருவிலும் ஏதோ ஒரு வீட்டில் இளவயதுச் சாவு நடந்திருக்கலாம். கூட்டம் கலைந்த பிறகு ஒருநாள் போய் வாருங்கள். மாமியார் பேசினால் கேளுங்கள். மருமகளோடும் தனியாக உட்காருங்கள். ஒருத்தி சொன்னதை மற்றவளிடம் கொண்டு போகாதீர்கள். "அடுத்து என்ன முடிவு பண்ணியிருக்கே?" என்று கேட்காதீர்கள். பேங்குக்குப் போகத் துணை வேண்டுமா, பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளவா என்று கேளுங்கள்.

அந்த வீட்டுக்கு இப்போது வேண்டியது அவ்வளவுதான்.