முக்காலியில் அட்டைப்பெட்டி

பதினோரு வருடம் ஜவுளிக்கடையில், சேலை செக்‌ஷனில் நின்றவள் நான். காலை ஒன்பதரைக்கு உள்ளே போனால் இரவு ஒன்பதரை வரை, சாப்பாட்டுக்கு விடும் அரை மணி நேரம் போக, நிற்பதுதான் வேலை. நாற்பது சேலையைப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு, "மாம்பழக் கலர் இல்லையா?" என்று எழுந்து போவார்கள். அவற்றை மடித்து அடுக்கும் நேரம்தான் எங்களுக்கு ஓய்வு. கழிப்பறைக்குப் போனால் நிமிடம் பார்ப்பார்கள் என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டோம். 35 வயதில் எனக்குக் கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது.

கேரளத்தில் 2018இல் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமை வந்தது. கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் போராடிக் கேட்டது அது. இங்கே தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில், 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்து, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்றார்கள்.

எங்கள் மாடிக்கும் நான்கு முக்காலி வந்தன. முதல் வாரம் ஒருத்தி உட்கார்ந்தாள். ஃப்ளோர் சூப்பர்வைசர் வாய் திறக்கவில்லை, ஒரு பார்வை பார்த்தார். அந்த மாதம் அவளுக்கு இன்சென்டிவ் குறைந்தது. ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு முக்காலிகளில் அட்டைப்பெட்டிகள்தான் உட்கார்ந்தன.

ஆயுத பூஜையன்று பொரிகடலை கொடுத்துக்கொண்டே முதலாளி, "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்பார். (அவர் உட்கார்ந்துதான் சொல்வார்.) குடும்பமாக இருந்தது என்னவோ நாங்கள்தான். தீபாவளிக் கூட்டத்தில் மூன்று பேர் மறைத்து நிற்போம். ஒருத்தி கவுன்டருக்குப் பின்னால் தரையில் ஐந்து நிமிடம் குத்தவைத்திருப்பாள். முறை வைத்துக்கொண்டோம். வயிற்றுவலி நாளில் யாரும் கேட்காமலே முறையை விட்டுக்கொடுப்போம். அந்த ஐந்து நிமிடம் மட்டும் இல்லையென்றால் மூன்றாம் வருடமே ஊருக்கு ஓடியிருப்பேன். ஆனால் உரிமையென்று சட்டம் கொடுத்ததை ஏன் ஒளித்து அனுபவிக்க வேண்டும்?

ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரி முக்காலிகளை எண்ணிவிட்டுப் போனார். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. ஐயா, தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மாலை ஏழு மணிக்கு வாருங்கள், அதில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். சேலை எடுக்க வரும் அக்கா, நீங்களும் ஒன்று செய்யலாம். "நான் பார்த்துக்கிட்டிருக்கேன், நீ செத்த உட்காரும்மா" என்று சொல்லுங்கள். சூப்பர்வைசர் காதில் விழும்படி, கொஞ்சம் சத்தமாக.